பேட்ச் எண்

திருப்பாதிரிப்புலியூர் ரயிலடி மெடிக்கல்.
இரவு பத்தேகால்.
ஏழாவது படிக்கிறவனுக்கு நூற்றிரண்டு காய்ச்சல்.
கடைக்காரர் அட்டையை எடுத்து
கத்தரிக்கோலைத் தேடுவதற்குள்
திருப்பிப் பார்த்துவிட்டேன்.
பழக்கம்.

கடைசி நாலு இலக்கம்: 0417.

இந்த எண்ணை எனக்குத் தெரியும்.
பதிவேட்டில் ஏழை ஒன்றாக எழுதிவிட்டு
ஒற்றைக் கோடு இழுத்து
பக்கத்தில் கையெழுத்தும் மணியும் போட்டவள் நான்.
சிப்காட்டில் எங்களுக்கு அழிரப்பர் கிடையாது.
செய்த தப்பு தெரிகிற மாதிரிதான்
தப்பைத் திருத்த வேண்டும்.

அது அஞ்சலாட்சி லீவு கேட்ட நாள்.
அப்பாவுக்குப் பதினாறாம் நாள் காரியம்.
"நிமிஷத்துக்கு முந்நூறு அட்டைம்மா,
ஏற்கெனவே ரெண்டு பேர் வரல"
என்றார் கலியமூர்த்தி சார்.
கெட்டவர் இல்லை.
அவர் தலைக்கு மேலேயும் ஒரு எண்
சிவப்பில் எரிந்துகொண்டிருந்தது.

பெல்ட்டின் அந்தப் பக்கம் அவள்,
இந்தப் பக்கம் நான்.
அவள் மாஸ்க்கின் மேல்விளிம்பு
மெல்ல நிறம் மாறியது.
கேமராவுக்குக் குழிகளை மட்டும்தான் பார்க்கத் தெரியும்.
பத்தில் ஒன்று காலி என்றால்
ஒரு ஊது ஊதி
அட்டையைக் கூடைக்குள் தள்ளிவிடும்.
அன்றைக்குத் தள்ளியது பதினொன்று.
அதையும் நான்தான் எழுதினேன்.
வேறெதையும் எழுத அதில் கட்டம் இல்லை.

கோட்டும் தலைவலையும் மாட்டிக்கொண்டால்
எவள் எந்தத் தெரு என்று
யாருக்கும் தெரியாது.
கம்பெனி பஸ்ஸில் தெரியும்.
காலனி ஸ்டாப்பில் ஏறும் அஞ்சலாட்சிக்குப்
பக்கத்து சீட்
கெடிலம் பாலம் தாண்டியும் காலியாகவே வரும்.
அதைத் தள்ளிவிட ஒரு கேமரா இல்லை.
நானும் மூன்று மாதம்
கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்தவள்தான்.
நாலாம் மாதம் கால் வலித்தது, உட்கார்ந்தேன்.
நியாயம் பார்த்து உட்கார்ந்ததாகச் சொன்னால்
அது பொய்.

ஆலையைத் திட்டவும் வாய் வரவில்லை.
என் அப்பாவின் தங்கை
ஒரு ஐப்பசி அடைமழையில்
வண்டி கிடைக்காமல்
காய்ச்சலோடு போய்ச் சேர்ந்தாள், ஏழு வயதில்.
அந்தக் காய்ச்சல் இப்போது இரண்டு ரூபாய்.
நெய்வேலியிலும் கிடைக்கும், நேபாளத்திலும் கிடைக்கும்,
அதே வெள்ளை, அதே கசப்பு,
நடுவில் அதே கோடு.

கடைக்காரர் நாலு மாத்திரை வெட்டினார்.
எண் இருந்த துண்டு
அவர் கையிலேயே நின்றுவிட்டது.

"அந்தப் பக்கத்துலேர்ந்து குடுங்க."
"எல்லாம் ஒண்ணுதாம்மா."
"தெரியும்.
அந்தப் பக்கத்துலேர்ந்து குடுங்க."
பின்னால் நின்றவர் செருமினார்.

வீட்டில் கட்டைவிரலால் அழுத்தினேன்.
பட்டென்று தாள் கிழிந்தது.
எட்டு வருஷமாக மூடுகிறேன்,
திறக்கும் சத்தம் இவ்வளவு சின்னது என்று
நினைத்ததில்லை.
இரண்டு மணிக்குப் பையனுக்கு வியர்த்தது.
நாலரைக்கு நான் பஸ்ஸுக்குக் கிளம்பினேன்.

அஞ்சலாட்சி இப்போது திருப்பூரில்.
பனியனுக்குக் கை தைக்கிறாள்.
இடது கை மட்டும்.
வலது கை வேறொருத்தி,
பீகார்க்காரி, பேர் கேட்டுக்கொள்ளவில்லையாம்.
டீ இடைவேளையில் போன் போட்டேன்.
"உங்கப்பா காரியத்தன்னிக்கு
நாம ஓட்டின பேட்ச்சுடி.
நேத்து கடையில வந்திச்சு, வாங்கினேன்."

மெஷின்கள் மட்டும் கேட்டன
கொஞ்ச நேரம்.

"எவ்வளவு போட்டான்?"
"எட்டு ரூபா."
"நாலுக்கா?" என்றாள்.
அதற்குள் அங்கே பெல் அடித்துவிட்டது.